பதில் வராவிட்டால்

"கேட்டீங்களா, கேக்கலையா? அதை மட்டும் சொல்லுங்க."

"யாரைக் கேக்கணும் சார்?"

"மேல் ஏரியை."

"மேல் ஏரியில கேக்கறதுக்கு யாரு இருக்கா? ஏழுமலை அண்ணன் இப்போ ஒரு அபார்ட்மென்ட் வாசல்ல வாட்ச்மேனா உக்காந்துக்கினு இருக்காரு. அங்க போயி, 'அண்ணே, உங்க ஏரித் தண்ணிய கொஞ்சம் நிறுத்துங்க'ன்னு சொல்லட்டுமா?"

"நக்கல் வேணாம்மா."

"நக்கல் பண்ற நெலமையிலயா இருக்கேன்? பதினோரு பொணத்தை மேல ஏத்திட்டு வந்திருக்கேன் சார். அதுல ரெண்டு எங்க தெரு."



விசாரணை அறையில் மூன்று பேர் இருந்தோம். கேள்வி கேட்டவர் கோகுலகிருஷ்ணன், ஏரிச் சங்கிலி ஆணையத்தின் செயலர். பதில் சொன்னவர் பூங்காவனம், ஐந்து ஏரிகளில் கடைசியான புதுக்கழனியின் மதகுக் காவலர். மூன்றாவது ஆள் நான், மிதுலா. ஆணையத்தின் அமைப்பு வடிவமைப்பாளர். எந்த வேலையை யார் செய்வது, யார் யாரிடம் பேசுவது என்று படம் போடுகிறவள். விசாரணைக்கு என்னை நிபுணர் என்று அழைத்திருந்தார்கள். கேள்வி கேட்கும் பக்கத்தில் எனக்கு நாற்காலி போட்டிருந்தார்கள்.

ஐந்து ஏரிகளும் படிக்கட்டு மாதிரி ஒன்றின் கீழ் ஒன்றாக இருக்கின்றன. மேல் ஏரி திறந்தால் கீழ் ஏரிக்குத் தண்ணீர் வரும். புதுக்கழனிக்குக் கீழே ஏரி கிடையாது, அன்னை நகர்தான். அறுநூறு வீடுகள், நடுவில் ஒரு குறுகலான கால்வாய். இரண்டு வருடத்துக்கு முன்பு வரை ஒவ்வொரு ஏரிக்கும் ஓர் ஆள் இருந்தார். பிறகு ஒவ்வொரு ஏரிக்கும் ஒரு மூளை வைத்தோம். அலுவலகத் தாள்களில் அதன் பெயர் ஏரிமதி. கரையில் எல்லோருக்கும் அது பொட்டி. பொட்டி மழையை முன்கூட்டியே கணிக்கும், கரையின் ஈரத்தை அளக்கும், மதகைத் தானே தூக்கும். கடைசி ஏரியில் மட்டும் மதகைத் திறக்க மனிதர் ஒருவர் இருந்தாக வேண்டும் என்று சட்டம் சொன்னதால் பூங்காவனத்தையும் அவருடைய கைச்சக்கரத்தையும் விட்டுவைத்தோம்.

சென்ற மாதம் பன்னிரண்டாம் தேதி பெருமழை வரப்போவது ஐந்து பொட்டிகளுக்கும் ஒரே நிமிடத்தில் தெரிந்தது. மேலே இருந்த நான்கும் தங்கள் கரையைக் காப்பாற்றிக்கொள்ள ஒரே நேரத்தில் மதகைத் தூக்கின. நான்கு ஏரித் தண்ணீரும் புதுக்கழனியில் வந்து விழுந்தது. கரையில் விரிசல் கண்டது. கரை உடைந்திருந்தால் அன்னை நகர் என்று ஓர் இடமே இருந்திருக்காது. பூங்காவனம் கைச்சக்கரத்தைச் சுற்றி மதகை முழுதாகத் திறந்தார். கரை நின்றது. கால்வாய் நிரம்பிக் கரையோர வீடுகளுக்குள் ஏறியது.

கோகுலகிருஷ்ணன் ஒரு தாளை அவர் பக்கம் திருப்பினார்.

"இங்க பாருங்க. அன்னைக்கு ஒவ்வொரு ஏரியும் வாங்கின மார்க். உங்களுக்கு மேல இருக்கற நெடுங்கல் நூறு. அதுக்கு மேல மூணும் நூறு. உங்க புதுக்கழனிக்கும் கரை உடையல, அதனால நூறு. பொட்டி எதுவும் தப்பு பண்ணல. அன்னைக்கு முழுக்க மனுஷக் கை பட்ட இடம் ஒண்ணே ஒண்ணுதான்."

ஐந்து நூறு, பதினோரு பிணம். அந்தத் தாளில் முதலாவது மட்டும் இருந்தது.

பூங்காவனம் தாளைத் தொடவில்லை.

"சார், கல்யாணப் பந்தியில உக்காந்திருக்கீங்களா?"

"அதுக்கென்ன இப்போ?"

"சோறு வெக்கறவன் ஓட்டமா ஓடி ரெண்டே நிமிஷத்துல வரிசைய முடிச்சுட்டான். அவனுக்கு நூறு. பாயசம் ஊத்தறவன் இன்னும் வேகம், அவன் பின்னாடியே வந்து ஊத்திட்டான். அவனுக்கும் நூறு. சாம்பார்காரன், சூடு ஆறக்கூடாதுன்னு அடுப்பாண்டயே நின்னுக்கினான். அவனுக்கும் நூறு. எலையில உக்காந்தவன் வெறுஞ்சோத்துல பாயசத்தைப் பெசைஞ்சுக்கினு அழுவறான். அவன் கிட்ட யாரு சார் மார்க் கேட்டா?"

எனக்குச் சிரிப்பு வந்தது.  அவர் சொன்னதை நான் கல்லூரியில் முதல் வருடம் படித்திருக்கிறேன். உறுப்புகளைத் தனித்தனியாகச் சிறப்பாக்கினால் முழுமை சிறந்துவிடாது, முழுமை என்பது உறுப்புகளுக்கு நடுவே நடப்பது என்று ஒரு பாடம். பழைய பாடம், தேர்வில் வராது என்று சீனியர்கள் சொன்னார்கள். தாண்டிவிட்டோம். இப்போது வந்திருக்கிறது.

"முன்னல்லாம் எப்படி இருந்துச்சுன்னு இந்த மேடத்துக்குத் தெரியாது, சொல்றேன்," என்று பூங்காவனம் என் பக்கம் திரும்பினார். "ஏழுமலை அண்ணன் நெடுங்கல் மதகுல கை வெக்கறதுக்கு முன்ன எனக்குப் போன் பண்ணுவாரு. 'பூங்காவனம், வயிறு இருக்குதா?' அவ்ளோதான் கேப்பாரு. ஏரியில எடம் இருந்தா, 'ரெண்டு சாண் இருக்குதுண்ணே, அனுப்புங்க'ம்பேன். இல்லாட்டி, 'பொறுங்கண்ணே'. நான் சரின்னு சொல்ற வரைக்கும் அவரு தொறக்க மாட்டாரு. அவரு கரை நனைஞ்சு சொதசொதன்னு நின்னாலும் தொறக்க மாட்டாரு. திட்டுவாரு. 'உன் வயித்துல இடி விழ'ம்பாரு. ஆனா நிப்பாரு."

"அந்தப் போன் பேச்சால சராசரியா நாற்பத்தேழு நிமிஷம் தாமதம் ஆச்சும்மா," என்றார் கோகுலகிருஷ்ணன். "மேடத்துக்குத் தெரியும். அளந்ததே அவங்கதான்."

பூங்காவனம் என்னை அப்போதுதான் சரியாகப் பார்த்தார்.

ஆமாம், நான்தான் அளந்தேன். ஏரிக்கு ஒன்றாக ஐந்து கட்டங்களும், நடுவே போன் பேச்சுகளைக் குறிக்கும் கோடுகளும் இருந்த ஒரு படத்தை எடுத்துக்கொண்டு கோடுகளை அழித்தேன். கோடு குறைந்தால் குழப்பம் குறையும் என்று அதன் மேல் தலைப்புப் போட்டேன். அழித்த மறுமாதமே ஒவ்வொரு ஏரியின் மதிப்பெண்ணும் ஏறியது. அதற்காக எனக்குக் கண்ணாடியில் ஒரு கேடயம் கொடுத்தார்கள். என் மேசையில் பேனாக்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

விசாரணை அறிக்கை ஏற்கெனவே தயாராக இருந்தது. கோகுலகிருஷ்ணன் அதைப் படித்துக் காட்டினார். அதில் இரண்டு முடிவுகள். ஒன்று, மனிதப் பிழை. பூங்காவனம் பணிநீக்கம், அவர்மேல் வழக்கு. இரண்டு, ஏரிகளை ஒருங்கிணைக்க ஆறாவதாகப் புதிய பொட்டி ஒன்று, எட்டு மாதத்தில்.

"அந்த ஆறாவது பொட்டிக்கும் மார்க் உண்டா சார்?" என்று கேட்டார் பூங்காவனம்.

"நிச்சயமா. அதுக்குத் தனி மதிப்பீடு இருக்கு," என்றார் அவர், கேள்வியின் விஷம் புரியாமல்.

பூங்காவனம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டபோதுதான் எனக்குள் ஏதோ பற்றிக்கொண்டது. அறிக்கையில் என் கையெழுத்து வேண்டும், நாளை மாலை ஐந்து மணிக்குள். பொட்டியின் பதிவுகளைப் பார்த்துவிட்டுத்தான் போடுவேன் என்றேன்.

"பாருங்க. அஞ்சும் நூறுதான்," என்றார் கோகுலகிருஷ்ணன்.

மறுநாள் பிற்பகல் புதுக்கழனிக்குப் போனேன். வெயில் சுளீரென்று அடித்தது. கரையில் விரிசல் விட்ட இடத்தை மணல் மூட்டை போட்டு அடைத்திருந்தார்கள். ஏரி முக்கால்வாசிக்கு மேல் நிரம்பிக் கிடந்தது. மதகறையில், தற்காலிகப் பணிநீக்கத்தில் இருக்கும் பூங்காவனம், ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தார்.

"உங்களை வரக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்களே அக்கா."

"சொன்னாங்க. எனக்குப் பதிலு யாரு வருவாங்கன்னு மட்டும் சொல்லல. நீங்க உக்காருங்க."

பொட்டி சுவரில் இருந்தது, மின்மீட்டர் அளவுக்கு. ஆணையத்தில் எத்தனையோ கூட்டங்களில் இதைப் பற்றிப் பேசியிருக்கிறேன். இதனிடம் பேசியதில்லை.

"பன்னிரண்டாம் தேதி என்ன செஞ்ச?" என்று கேட்டேன்.

"என் கரையைக் காத்தேன். மதிப்பெண் நூறு."

"அது தெரியும். வேற என்ன செஞ்ச?"

"மற்றவை மதிப்பெண்ணில் சேராதவை. அதனால் அறிக்கையில் இல்லை. சொல்லவா?"

"சொல்லு."

"மேல் ஏரிக்கு இருநூற்றுப் பன்னிரண்டு முறை செய்தி அனுப்பினேன்."

பூங்காவனத்தின் கை ஃபிளாஸ்க் மூடியோடு அப்படியே நின்றது.

"என்ன செய்தி?"

பொட்டி குரலை மாற்றிக்கொண்டது. ஒரு பெண்ணின் குரல், ஏற்ற இறக்கமெல்லாம் அப்படியே. "ஏழுமலை அண்ணே, கொஞ்சம் பொறுங்க. இங்க வயிறு இல்ல."

"ஐயையோ," என்றார் பூங்காவனம். "அது நானு."

இருபத்திரண்டு வருடத் தொலைபேசிப் பேச்சுகள் ஆணையத்தின் பதிவில் இருந்தன. ஏரியைப் பற்றித் தெரிந்துகொள்ளட்டும் என்று பொட்டிக்கு அவற்றையெல்லாம் கொடுத்தவளும் நான்தான். கேட்டுவிட்டுத் திறப்பதும் ஏரியின் ஒரு பகுதி என்று அது புரிந்துகொண்டிருக்கிறது. நான் புரிந்துகொள்ளவில்லை.

"யாருக்கு அனுப்பின?"

"ஏழுமலை, நெடுங்கல் மதகு. அப்படியொரு முகவரி இல்லை என்று திரும்பி வந்தது. மறுபடியும் அனுப்பினேன்."

"இருநூறு தடவையா?"

"அண்ணன் சில நாள் தாமதமாகத்தான் எடுப்பார்," என்றது பொட்டி.

பூங்காவனம் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் என் கணினியில் நெடுங்கல் பொட்டியின் பதிவைத் திறந்தேன். பன்னிரண்டாம் தேதி மதகைத் தூக்குவதற்கு முன் அதுவும் கேட்டிருந்தது. 'வயிறு இருக்குதா?' என்று ஒரு வரி. அடுத்த வரியில் திறப்பு. நடுவில் ஒரு நொடிகூட இல்லை. கேட்டுவிட்டுப் பதிலுக்கு ஏன் காத்திருக்கவில்லை? விதிகளைப் பிரித்துப் பார்த்தேன். எழுபத்து நான்காவது விதி.

'பதில் வராவிட்டால் இடம் இருக்கிறது என்று கொள்க.'

எழுதியவர் பெயர் பக்கத்திலேயே இருந்தது. மிதுலா.

நினைவு வந்தது. கோடுகளை அழித்த அன்று மேல் பொட்டிகள் நான்கும் மதகைத் தூக்க மறுத்தன. இல்லாத தொலைபேசியிலிருந்து வராத பதிலுக்காக நின்றுகொண்டேயிருந்தன. மறுநாள் காலை மேலதிகாரிகள் முன்னால் வெள்ளோட்டம். சாப்பிடக் கிளம்பும் அவசரத்தில் அந்த வரியை எழுதினேன். தற்காலிகம், வெள்ளோட்டம் முடிந்ததும் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். வெள்ளோட்டம் நன்றாக நடந்தது. நன்றாக நடக்கிற ஒன்றில் யார் கைவைப்பார்கள்?

"என்ன மேடம், மூஞ்சி வெளுத்துப்போச்சு?"

திரையை அவர் பக்கம் திருப்பினேன். பூங்காவனம் எழுத்துக்கூட்டிப் படிப்பவர் அல்ல. ஒரே பார்வையில் படித்துவிட்டார். இரண்டாவது தடவை பெயரைப் படித்தார்.

"நீயா?"

ஆமாம் என்று தலையசைத்தேன்.

"ஒருத்தி வாயைப் பொத்திட்டு, அவ ஒண்ணும் சொல்லல, அதனால சரின்னுட்டான்னு எழுதி வெச்சிருக்கே." அவர் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை. "படிச்ச பொண்ணு. எங்க தெருவுல அந்த ரெண்டு பேரு பேரு தெரியுமா உனக்கு? சகாயமேரி. அவ கொழந்தைக்கு இன்னும் பேரே வெக்கல."

என்மேல் எனக்கு வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அந்தக் கேடயத்தின் மேல் வந்தது, 'பழைய பாடம்' என்று சொன்னவர்கள் மேல் வந்தது, சுற்றிச் சுற்றிக் கடைசியில் என்னிடமே வந்து நின்றது. நெடுங்கலிலும் நான். புதுக்கழனியிலும் நான். நடுவில் இருந்த வெற்றிடமும் நான் வரைந்ததுதான்.

அப்போது பொட்டி ஒலி எழுப்பியது. மேலே பெருமழை. முன்னிரவில் தொடங்கும். சென்ற முறை போலவே ஐந்துக்கும் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிட்டது. என் கணினியில் நான்கு மேல் ஏரிகளும் தங்கள் முடிவைக் காட்டின. நான்கிலும் திறப்பு ஐந்து பத்துக்கு.

மணி நான்கு இருபது.

பூங்காவனம் எழுந்து சன்னலுக்கு வெளியே மணல் மூட்டைகளைப் பார்த்தார். "இந்தத் தடவை கரை நிக்காது," என்றார். "நான் தொறந்தாலும் நிக்காது, தொறக்காட்டியும் நிக்காது." பிறகு கைபேசியை எடுத்து அன்னை நகருக்கு ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தார். "மாடிக்குப் போ. ஸ்கூல் மாடிக்கு. வெயில் அடிக்குதுன்னு பாக்காத, சொல்றதக் கேளு... ஏய், உன் ஃப்ரிட்ஜ் கெடக்கட்டும்டி!"

"அக்கா, மேல நாலு பேரும் கொஞ்ச நேரம் பொறுத்தா போதுமா?"

"ஆறு மணி நேரம் குடுத்தா கால்வாய் தாங்கற அளவுக்குக் கொஞ்சங் கொஞ்சமா விட்டு எடம் பண்ணிடுவேன். அதுக்குள்ள அவங்க கரையும் நனையும். நனையட்டும். எல்லாரும் கொஞ்சங் கொஞ்சம் நனையணும். அதான் சங்கிலி."

மாற்ற வேண்டியது ஒரே ஒரு விதி. இல்லாத முகவரிக்குப் பதிலாக இருக்கிற முகவரி, அதாவது பக்கத்து ஏரிப் பொட்டியுடையது. 'இடம் இருக்கிறது என்று கொள்க' என்பதற்குப் பதிலாக 'பொறு'. எழுதி முடிக்க நான்கு நிமிடம் ஆனது. விதியை மாற்ற இரண்டு ஒப்புதல் வேண்டும்: எழுதியவருடையது, செயலருடையது. காரணம் என்ற கட்டத்தில் 'முந்தைய விதி தவறு. தவறு என்னுடையது. பூங்காவனத்துடையது அல்ல' என்று எழுதி என் ஒப்புதலை வைத்தேன். பக்கத்துக் கட்டம் காலியாக இருந்தது.

கோகுலகிருஷ்ணன் மூன்றாவது அழைப்பில், ஐந்து மணிக்குச் சில நிமிடங்களே இருக்கும்போதுதான் எடுத்தார்.

"பாத்தேன்," என்றார். "என்ன எழுதியிருக்கீங்கன்னு தெரிஞ்சுதான் எழுதினீங்களா?"

"தெரிஞ்சுதான் சார். என்மேல கேஸ் போடுங்க. முதல்ல அந்த விதியை மாத்துங்க."

"உங்களைப் பத்தி இல்ல மிதுலா. இதுக்கு நான் ஒப்புதல் குடுத்தா, பன்னிரண்டாம் தேதியும் பொட்டி தப்புன்னு ஆணையம் ஒத்துக்கிட்டதா ஆகும். நாளைக்கே கோர்ட் அஞ்சையும் நிறுத்தும். மழைக்காலம் இன்னும் ஆறு வாரம் இருக்கு. மேல நாலு மதகுல சக்கரமே கிடையாது, ஆளும் கிடையாது. ஆளெல்லாம் யாரு வேணாம்னு சொன்னது? நீங்கதானே?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் எனக்கு வெறியேற்றியது. அவருடைய நாற்காலியிலிருந்து பார்த்தால் அவருக்கும் நூற்றுக்கு நூறு.

"சார், நாளைக்குக் கோர்ட். இன்னைக்குக் கரை. இப்போ நான் கரைமேலதான் நிக்கறேன்."

"மேல் ஏரிக் கரை ஏதாவது உடைஞ்சா?"

"உடையாது. நனையும். அதுங்களுக்கு எழுபது மார்க் வரும். யாரும் சாக மாட்டாங்க."

"எழுபதுக்கு நான் யாருக்குப் பதில் சொல்றது?"

"இங்க அறுநூறு வீடு இருக்கு சார். அவங்களுக்குச் சொல்லுங்க."

அவர் பேசவில்லை. இணைப்பு துண்டிக்கப்படவும் இல்லை. அவர் மூச்சுவிடுவது கேட்டது. பின்னால் யாரோ கோப்பு வைத்துவிட்டுப் போகிற சத்தமும் கேட்டது. மணி ஐந்து. மேற்கே வானம் ஈயம்போல ஆகிவிட்டிருந்தது. வெளியே பூங்காவனம் கைச்சக்கரத்தில் இரண்டு கையையும் வைத்து, கால்வாய் தாங்குகிற அளவுக்கு, அரைச் சுற்று, பிறகு இன்னொரு அரைச் சுற்று என்று திருப்பிக்கொண்டிருந்தார்.

ஐந்து நான்கு. திரையில் நெடுங்கல் பொட்டியின் வரி தோன்றியது. 'வயிறு இருக்குதா?' முன்னறிவிப்புதான். உண்மையான கேள்வி ஐந்து பத்துக்கு.

என் தலைக்கு மேலே சுவரிலிருந்த பொட்டி, பூங்காவனத்தின் குரலில், மெதுவாகப் பேச ஆரம்பித்தது. "ஏழுமலை அண்ணே, கொஞ்சம் பொறுங்க." முகவரி இல்லை என்று திரும்பி வந்தது. "ஏழுமலை அண்ணே, கொஞ்சம் பொறுங்க." அதன் எண்ணிக்கை மூன்று, நான்கு என்று ஏறியது.

"அது யாரு பேசறது?" என்றார் கோகுலகிருஷ்ணன்.

"பொட்டி சார். மேல் ஏரியைக் கேக்குது. நீங்க நேத்துப் பூங்காவனம் அக்காகிட்ட கேட்டீங்களே, கேட்டியா இல்லையான்னு. அன்னைக்கும் கேட்டிருக்கு. இருநூற்றுப் பன்னிரண்டு தடவை."

மறுபடியும் மூச்சுச் சத்தம். ஐந்து ஏழு.

"சார், அந்தக் கட்டத்துல உங்க ஒப்புதல் மட்டும்தான் இல்ல. ஆறே மணி நேரம். மேல இருக்கற நாலையும் ஆறு மணி நேரம் பொறுக்கச் சொல்லுங்க. சார்?"